தாளம் தப்பிய மார்கழி

பீளமேட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் வீதி இரண்டு. ஒன்று எங்களுடையது; மற்றது வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களுடையது. திருவிழாவில் சாமி முதலில் எந்த வீதிக்குத் திரும்புவது என்று சண்டை வந்து, மண்டை உடைந்து, கோயமுத்தூர்க் கோர்ட்டு வரைக்கும் போய்விட்டார்கள். சாமிக்கு எந்த வீதியானாலும் ஒன்றுதான் என்று சொல்ல ஓர் ஆண்பிள்ளைக்கும் வாய் வரவில்லை.

அந்தச் சண்டையில் அடி வாங்காமலே நொந்துபோனவர் என்னைப் பெற்ற அய்யன். மார்கழி பஜனையில் அவர் பாட, தெலுங்கு வீதிக்காரர் ஒருவர் மிருதங்கம் வாசிப்பார். இருவருக்கும் மீசை முளைத்த நாளிலிருந்து அப்படித்தான். இப்போதோ ஒரு வீதிக்காரர் மற்ற வீதியில் கால் வைத்தால் சொந்த வீதியே ஒதுக்கிவைத்துவிடும். நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள். சிநேகிதர் முகம் பார்க்காமல் அய்யன் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார் என்று ஆத்தா புலம்புவார்.

அந்த மார்கழியில் நான் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தேன். “இனி அவங்க பாசைப் பாட்டு நமக்கு வேண்டாமுங்க” என்று எங்கள் வீதிப் பெரியவர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் தெரிந்தது, அய்யனுக்குத் தெரிந்த பாட்டில் முக்கால்வாசி தெலுங்கு. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் இத்தனை வருடம் உருகி உருகிப் பாடியிருக்கிறார். மிச்சமிருந்த தமிழ்ப் பாட்டு பாதி வீதிக்குள் தீர்ந்துபோகும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். மிருதங்கத்தை மில்லுக்குப் போகும் என் சித்தப்பா மகன் அடித்தான். மாவு இடிப்பதுபோல இருக்கும்.

எங்கள் வீடு இரண்டு வீதியும் சேரும் முக்கில். ஒரு விடியற்காலை பஜனை அங்கே வந்தபோது தமிழ்ப் பாட்டு தீர்ந்துவிட்டது. பழக்கதோஷத்தில் அய்யன் ஒரு தெலுங்குப் பாட்டை எடுத்துவிட்டார். பெரியவர் முறைத்தார். ஆனால் எடுத்த பாட்டை நடுவில் நிறுத்தினால் சாமி குற்றம். மிருதங்கத்தில் தம்பியின் கைதான் தாறுமாறாகப் போயிற்று.

எதிர் வீதியிலிருந்து போர்வையோடு ஒருவர் வேகமாக வந்தார். அய்யனின் சிநேகிதர்.

“இத்தன நாளாப் படுத்துக் கெடந்து கேட்டுட்டு இருந்தனுங்க. இனி முடியாதுங்க. அதை இப்படிக் குடு கண்ணு” என்று மிருதங்கத்தை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

யாரும் தடுக்கவில்லை. வாசித்துக்கொண்டே அவர் தம் வீதிக்குள் திரும்ப, அய்யன் பாடிக்கொண்டே கூடப் போனார். நான் வாசலை விட்டிறங்கி முக்கில் வந்து நின்றேன். பஜனை வாசலுக்கு வந்தால் வீட்டுப் பெண் பாடுகிறவர் காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதுதான் முறை; ஊற்றினால் அந்த வீதி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஒரு வாசலிலும் ஊற்றாவிட்டால் இந்த இரண்டு பேருக்கும் இரண்டு வீதியிலும் இடமில்லை.

முதல் வீடு திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை. அதற்கடுத்தது அந்தச் சிநேகிதரின் வீடு. அவர் மனைவி குடத்தோடு வந்து அய்யன் காலில் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார்.

“இந்த வாசலுக்கு வழி மறந்துபோச்சுங்களாண்ணா?”

அய்யன் நனைந்த காலைக் குனிந்து பார்த்தபடி நின்றார். பாட்டில் அடுத்த அடி வாயில் வரவில்லை. மிருதங்கம் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு அறுந்தே போய்விடும் என்று நான் நினைத்தபோது, சாத்தியிருந்த முதல் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் அந்த அடியை எடுத்துக் கொடுத்தது. கதவு திறந்தது அதற்கப்புறம்தான்.