ஒரே மரத்துப் புளியங்கொட்டை

பாகலூர்ப் பக்கத்து மாரம்மா, நாட்டின் முதல் தேர்தலில் தன் ஓட்டுச் சீட்டைப் பெட்டிக்குள் போடாமல் அதன்மேல் வைத்துவிட்டு வந்தவள். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியில் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குள் போய், வேண்டிய பெட்டியின் வாயில் சீட்டை நுழைக்க வேண்டும். மாரம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. மாரியம்மன் படியில் பூ வைப்பதுபோலச் சீட்டை மேலே வைத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் போனவன் அந்தச் சீட்டை எடுத்துத் தன் ஆளின் பெட்டியில் போட்டதாகச் சந்தையில் சொல்லிச் சிரித்தான்.

அந்தக் கோபம் அவளுக்கு ஆறவேயில்லை. ஐம்பத்தேழில் மறுபடி தேர்தல் வந்தபோது, தெருவில் புதிதாக ஓட்டுரிமை வந்திருந்த இளவட்டங்களை மத்தியானக் கஞ்சி நேரத்தில் களத்துமேட்டுப் புங்கமரத்தடியில் கூட்டினாள். எல்லோரும் நிலக்காரர் நாராயணப்பனிடம் வேலை செய்கிறவர்கள். தராசுச் சின்னக்காரரிடம் நாராயணப்பன் தாம்பூலம் வாங்கிவிட்டிருந்தார். பெரியவர் வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டால் ஊரே வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அதற்கப்புறம் யாரும் மாறக்கூடாது.

"அவரு வாங்குன வெத்தலைய அவருதானே மென்னாரு? நம்ம வாயா செவந்துச்சு?" என்றாள் மாரம்மா.

மரக்கிளையில் பழைய சேலையைத் தொங்கவிட்டு, பின்னால் இரண்டு பானைகள் வைத்தாள். ஒன்றில் கரியால் எதிர்த்து நின்றவரின் ஏணிச் சின்னம், மற்றதில் தராசு. சீட்டுக்குப் பதில் ஆளுக்கொரு விதையை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தாள். ஒவ்வொருவராகச் சேலைக்குள் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். பிறகு எதில் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று பானைகளைக் கவிழ்த்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஒருவன் ஆமணக்கு கொண்டுவந்திருந்தான், ஒருத்தி துவரை, இன்னொருத்தி பூசணி விதை. கறுப்பு அவரை அந்தத் தெருவில் நாராயணப்பனின் பண்ணையாள் சென்றாயன் வீட்டுக் கூரையில் மட்டும்தான் படர்ந்திருந்தது.

"அடேய் சென்றாயா, ஒன்னோட அவரை ஏணியில ஏறிக்கிச்சுடா!" என்று ஒரு பையன் கத்த, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பொழுது சாய்வதற்குள் நாராயணப்பன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் ஏர் பூட்ட வந்த சென்றாயனிடம் அவர் சத்தம்கூடப் போடவில்லை. "உகாதி வருது. வேற ஆளு பாத்துக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார். உகாதிதான் அந்தப் பக்கத்து வருடப்பிறப்பு; பண்ணையாளை உகாதிக்கு உகாதிதான் வைப்பதும் மாற்றுவதும். சென்றாயனுக்கு அந்த வேலையைத் தவிர வேறில்லை. அவன் தாய்க்கும் அதுதான் சோறு.

"அக்கா, நான் ஓட்டும் போடலை, ஒண்ணும் போடலை," என்றான் அவன். "பானையிலயே தெரிஞ்சுபோச்சு. பொட்டியில தெரியாதா?"

"பொட்டியில அவரையாடா போடறே? எல்லார் கையிலயும் ஒரே மாதிரி சீட்டுடா."

"நீ சொல்லுவே. போன தடவ மேல வெச்சுட்டு வந்தவதானே நீ."

சொல்லிவிட்டுச் சென்றாயன் போய்விட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். தான் செய்த காரியத்தால் இவன் வேலை போகும், இவர்கள் ஓட்டும் போகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அது புளிக்காலம். நாராயணப்பன் வீட்டு முற்றத்தில் ஒரு மரத்துப் புளி முழுவதும் குவிந்து கிடக்க, அதே ஆட்கள்தான் உட்கார்ந்து தட்டிக் கொட்டை எடுத்தார்கள். அவர் மனைவி லட்சுமியம்மாளும் கூட உட்கார்ந்து நார் எடுத்தாள். கொட்டைக் குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்த மாரம்மா திடீரென்று எழுந்தாள்.

"அம்மா, ரெண்டு பானை குடுங்க. ஒரு வெளையாட்டு."

"ஒன் வெளையாட்டாலதான் ஊரே நாறுதே. இன்னும் பத்தலியா?" என்றாலும் லட்சுமியம்மாள் பானைகளை எடுத்துவந்தாள். கரியும் அவளே தந்தாள்.

இந்தத் தடவை எல்லோரும் ஒரே குவியலிலிருந்து ஆளுக்கொரு கொட்டை எடுத்தார்கள். மாட்டுக்கொட்டகைக்குள் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். சென்றாயன் கடைசிவரை அசையவில்லை. மாரம்மா முறைத்த பிறகுதான் போனான்.

"நானும் போடட்டுமா? எனக்கும் ஓட்டு இருக்குதில்ல?" என்று கேட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு லட்சுமியம்மாளும் உள்ளே போய் வந்தாள்.

மாரம்மா பானைகளைக் கொண்டுவந்து கவிழ்க்கும்போது நாராயணப்பன் வந்து நின்றார்.

"ஏனு இது?" கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

"ஓட்டுங்க கவுடரே. யாரு எதுல போட்டாங்கன்னு நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டா, நாங்க அத்தன பேரும் ஒங்க பேச்சுதான்."

தராசுப் பானையிலும் கொட்டை இருந்தது. ஏணியில் அதைவிட அதிகம். நாராயணப்பன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் ஒரே மரத்துக் கொட்டை. சென்றாயன் முகத்தைப் பார்த்தார், மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். கடைசியில் தன் மனைவியையும் பார்த்தார். அவள் குனிந்து நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வேலையப் பாருங்க," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் சென்றாயன் மாரம்மாவின் பக்கம் சாய்ந்து, "அக்கா, சீட்டு நெசமா ஒரே மாதிரி இருக்குமா?" என்றான்.

"இருக்கும். நான் கையில புடிச்சுப் பாத்தவ. பொட்டி வாயிலதான் போடத் தெரியாமப் போச்சு."

ஓட்டு நாளன்று நாராயணப்பன் வண்டி கட்டி அனுப்பினார். வண்டியில் இடம் பத்தாமல் பாதிப்பேர் பின்னால் நடந்தார்கள். மறைப்புக்குள் போன மாரம்மா, பெட்டியின்மேல் விரலால் தடவி வாயைக் கண்டுபிடித்து, சீட்டை நுழைத்து, வெளியே துளி நுனியும் தெரியாதபடி அழுத்திவிட்டாள். இந்தத் தடவை கும்பிடவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நாராயணப்பன் நின்றுகொண்டிருந்தார். விரலில் மையோடு வந்த சென்றாயனைக் கூப்பிட்டார்.

"எதுலடா போட்டே?"

"பொட்டியிலதாங்க," என்றான் சென்றாயன்.

மாரம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. உகாதிக்கு அவர் வேறு ஆள் பார்க்கவில்லை. பார்ப்பதென்றால் தெருவையே மாற்ற வேண்டும், தன் வீட்டையும் சேர்த்து.