மின்னலும் தகுதியில்லாத பெட்டியும்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். நடையைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாவது மாடி ஏறி வருவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவள். விரல்கள்தான் மின்னல். எதிரே இருப்பவர் பேசி வாய் மூடுவதற்குள் அதைத் தட்டச்சு செய்து திரையில் போட்டுவிடுவாள். அதுதான் வேலையும். காது கேளாத மாணவர்களுக்காக வகுப்பில் பேசுவதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே கேட்டு, உடனுக்குடன் எழுத்தாக்கி அனுப்ப வேண்டும்.

மூன்று வருஷமாக ஒரே மாணவிக்குத்தான் தட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வயதில் வந்த காய்ச்சலோடு காது போன பெண். வாய் மட்டும் நன்றாகப் பேசும். பழைய பாலங்களில் விரிசல் எப்படி வளர்கிறது என்பது அவளுடைய இறுதியாண்டு ஆய்வு. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அதற்கு வாய்மொழித் தேர்வு. மூன்று தேர்வாளர்கள் கேள்வி கேட்பார்கள். மின்னல் தட்ட, அதைப் படித்து அந்தப் பெண் பதில் சொல்ல வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குக் கல்லூரி ஒருங்கிணைப்பாளர் போன் செய்து தலையில் கல்லைப் போட்டார்.

“மேடம், நேத்து ராத்திரி சாஃப்ட்வேரை மாத்திட்டாங்க. புது ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தாத்தான் திறக்கும். உங்க கம்ப்யூட்டர்ல வரலைன்னா பரவாயில்ல, தானா எழுதுற மெஷின் இருக்கே, அதைப் போட்டுக்கறோம்.”

என்ன பெருந்தன்மை! அந்த மெஷினின் லட்சணம் மின்னலுக்குத் தெரியும். போன வருஷம் அவள் உடம்பு சரியில்லாமல் படுத்த ஒரு வாரம் அதைத்தான் போட்டார்கள். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டையும் ஒன்றாக்கி மூன்றாவதாக ஒன்றை எழுதும். அந்த வாரம் மாணவி அனுப்பிய செய்தி இன்னும் போனில் இருக்கிறது: “ஒண்ணுமே புரியலக்கா. சும்மா தலையாட்டிட்டு வந்துட்டேன்.”

தேர்விலும் அவள் தலையாட்டிவிட்டு வர வேண்டுமா?

அவளுடைய கணினிக்குப் பதினோரு வயது. மேசைக்கடியில் கால் வைக்க இடம் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் பெரிய பெட்டி. புதிய இயங்குதளத்தை ஏற்றச் சொல்லிப் பார்த்தாள். ‘இந்தக் கணினி தகுதியற்றது’ என்று திரை ஒரே வரியில் கதவைச் சாத்தியது. பதினோரு வருஷம் மாடாய் உழைத்ததைப் பார்த்து, எங்கேயோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிற எவனோ தகுதியில்லை என்கிறான்!

“யாரைப் பார்த்துத் தகுதி இல்லைங்கறான்?” என்று திரையிடமே கேட்டாள்.

கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக். அன்று அவருக்கு வார விடுமுறை. “என் தங்கச்சி லேப்டாப்பை வாங்கிட்டு வரட்டுமா?”

“அந்தத் தட்டைப் பலகையில என் விரல் ஓடாதுங்க. போன தடவை தட்டினப்போ எழுத்துக்கு எழுத்து தப்பு. இந்தப் பெட்டியிலேயே ஏத்திடலாம். இதே மாடல்ல ஒருத்தர் ஏத்தி, எப்படின்னு எழுதியே போட்டிருக்கார், பாருங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளுடைய போனை வாங்கிப் பார்த்தார். மொத்தம் முப்பத்தொரு படிகள். முதல் வரியே மிரட்டல்: சொந்தப் பொறுப்பில் செய்யவும், பிற்காலத்தில் புதுப்பிப்புகள் வராமல் போகலாம்.

“பிற்காலத்துல பார்த்துக்கலாம். இப்ப எனக்கு மூணு மணிதான் வேணும். நீங்க படிங்க, நான் செய்யறேன்.”

கோப்புகளையும், வேகமாகத் தட்டுவதற்காக இத்தனை வருஷம் சேர்த்த நாலாயிரம் சொற்சுருக்கங்களையும் வெளி வட்டில் நகலெடுத்தாள். பென்டிரைவில் புதியதைத் தயார் செய்தாள். பழையதை அழிக்கும் இடம் வந்தபோது விரல் ஒரு நொடி தயங்கியது. அழித்தபின் புதியது ஏறாவிட்டால் பெட்டி வெறும் தகரம்தான்.

“அழிக்கட்டுமா?”

“என்னைக் கேட்டா? எனக்கு லிஃப்டுதாம்மா தெரியும்.”

அழித்தாள். பிறகு கறுப்புத் திரை ஒன்று வந்தது. தகுதியைப் பார்க்காதே என்று கணினிக்கு நாலு வரியில் கட்டளை கொடுக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் ஏற்காது என்று கணவர் படித்து முடிப்பதற்குள் நாலு வரியும் திரையில் இருந்தன. இந்த முறை தகுதி பற்றிப் பேச்சே இல்லை. நீலக் கோடு நகர ஆரம்பித்தது. மின்னல் நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தாள்.

“ஏறுதுங்க! ஏறுது!”

இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. கணினி தானாக அணைந்து எழுந்தது. ‘பென்டிரைவிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்’ என்று ஆரம்பத்தில் வந்த அதே வரி மறுபடி வந்ததும் அவள் விரல் பாய்ந்தது. உடனே முதல் திரை. மொழியைத் தேர்ந்தெடு என்று ஆரம்பத்திலிருந்து கேட்டது.

ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். மறுபடி இருபத்தைந்து நிமிஷம். அணைந்தது, எழுந்தது, வரி வந்தது, விரல் பாய்ந்தது. மொழியைத் தேர்ந்தெடு!

மூன்றாவது தடவையும் அதே கதை ஆனபோது மணி பன்னிரண்டரை. மின்னல் விசைப்பலகையைத் தள்ளிவிட்டாள்.

“போச்சு. நானே கெடுத்தேன். அந்தப் பொண்ணு எனக்காக உட்கார்ந்திருக்கும், நான் இங்க தகரத்தைக் கட்டிட்டு அழறேன்.”

போனைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்த கணவர் திடீரென்று நிமிர்ந்தார். “இரு இரு. பதினெட்டாம் படி. ‘இரண்டாம் முறை அந்த வரி வரும்போது எதையும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் முதலிலிருந்து தொடங்கும்.’”

“இதை முன்னாடியே படிக்கறதுக்கென்ன?”

“நான் படிக்கறதுக்குள்ள நீ அழுத்திடறியேம்மா! நான் பதினாறுல இருக்கேன், நீ இருபதுக்குப் போயிடறே!”

கொஞ்சம் மந்தமான கை உள்ள எவருக்கும் அந்த வரி தானே வந்து தானே போயிருக்கும். ஐந்து நொடி வரும் வரி அது. முப்பது வருஷமாகத் திரையில் எதைக் கண்டாலும் பாய்ந்த விரலுக்கு ஐந்து நொடி என்பது ஒரு யுகம்.

நாலாவது தடவை நீலக் கோடு முடியும் நேரத்தில் கணவர், “கையைக் கொடு” என்றார். அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கணினி அணைந்தது, எழுந்தது. வரி வந்தது. அவர் பிடிக்குள் விரல்கள் துடித்தன. அவர் லிஃப்ட் கதவு மூடக் காத்திருப்பவரைப் போல அசையாமல் நின்றார். வரி போயிற்று. திரை இருண்டது. பிறகு மெல்ல, வட்டமாகப் புள்ளிகள் சுழன்றன. அதன் கீழே: வரவேற்கிறோம்.

மின்னல் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து, “என்னக்கா, நல்ல சேதியா?” என்றாள்.

“ஆமா, எங்க கிழவனுக்கு வாலிபம் திரும்பிடுச்சு!” என்றாள் மின்னல். தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக் கணவர் வெட்கப்பட்டார்.

சுருக்கங்களை ஏற்றி, ஒலிபெருக்கிக்கான பழைய மென்பொருளைத் தேடிப் போட்டு, சத்தம் வரவழைத்தபோது மணி இரண்டு ஐம்பத்தாறு. கல்லூரியின் இணைப்பு திறந்தது. திரையில் மாணவியின் முகம், பயத்தில் வெளுத்திருந்தது. மின்னல் தட்டினாள்: “வந்துட்டேன்மா.” அந்த முகத்தில் ரத்தம் திரும்பி ஓடியதைக் கணவரும் பார்த்தார்.

நாற்பது நிமிஷம் கேள்விகள் மழையாகப் பொழிந்தன. ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் குறுக்கிட்டார். ஒவ்வொருவர் பேச்சும் தனித்தனி வரியாகத் திரையில் விழுந்தது. மாணவி ஒரு தடவைகூடத் தலையாட்டவில்லை. பதில் சொன்னாள், மறுத்தாள், “அந்தக் கணக்கு தப்பு சார்” என்றுகூடச் சொன்னாள்.

அப்போது மூவரில் மூத்தவர் பக்கத்திலிருப்பவர் காதோடு முணுமுணுத்தது மைக் வழியாக மின்னலுக்குக் கேட்டது: “நிஜமாவே இந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதா? நம்பவே முடியலையே.”

கேட்டது எதுவானாலும் எழுத வேண்டும் என்பது தொழில் விதி. மின்னல் எழுதினாள்.

மாணவி படித்தாள். சிரித்தாள். “நிஜமாவே கேக்காது சார். எங்கக்கா எதையும் விடமாட்டாங்க, அவ்வளவுதான்.”

அறை அதிர்ந்து சிரித்தது. மூத்தவர் காதைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சுக்கம்மா” என்றார். மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் தலையசைத்ததும் கேமராப் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்க யாரோ எனக்குத் தெரியாது. முடிவை நீங்களே அந்தப் பொண்ணுக்குச் சொல்லிடுங்க. முதல் வகுப்பில் தேர்ச்சி.”

மாணவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வாளர்களும் காத்திருந்தார்கள். மின்னலுக்கு விசைகள் கலங்கித் தெரிந்தன. அந்த மூன்று சொல்லைத் தட்ட அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.