பூட்டிய குழாயின் வேட்பாளர்

உங்கள் காலனிப் பூங்காவில் விடிகாலையில் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவர் யார் என்று ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் டெல்லிக் காலனியில் அவர் பெயர் ஜோதிலிங்கம். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர், பைஜாமாவுக்கு மேல் வேட்டி. பூங்காக் குழாயைச் சுற்றி ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. பெட்டிக்கு உள்ளங்கை அகலத்தில் ஓர் அலிகார் பூட்டு. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறக்கிறார். ரப்பர்க் குழாயைச் செருகுகிறார். புல் போதும் போதும் என்கிற அளவுக்கு நனைக்கிறார். பிறகு பூட்டுகிறார். பூட்டியதும் ஓர் இழு இழுத்துப் பார்க்கிறார். நாலடி நடந்த பிறகு சந்தேகம் வந்து, திரும்பி வந்து இன்னோர் இழு.

காலனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கிட்வாய் நகர்க்காரர்கள், 'நம் காலனி இல்லை' என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

பூட்டு வந்த கதை சின்னது. காலனிக்குப் பின்னால் நாலா ஓடுகிறது. ஊரார் சாக்கடையெல்லாம் சேர்ந்து ஆறு போல் ஓடும் நாலா. அதன் கரையில் விழுப்புரம், சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தகரமும் சாக்கும் வைத்துக் கட்டிய ஜுக்கிகள். நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வேலை முடிந்து போகும்போது பூங்காக் குழாயில் ஒரு கேன் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். அசோசியேஷன் செக்ரட்டரியான ஜோதிலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. "புல்லெல்லாம் சேறாப் போகுதுல்லா? பார்க் பாக்கதுக்கா, இவளுக பானை ரொப்புததுக்கா?" என்று கூட்டத்தில் கேட்டார். எதிர்த்துக் கை தூக்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மறுநாளே பெட்டி வந்தது, பூட்டு வந்தது.

அன்றிலிருந்து கரையிலுள்ளவர்கள் குடிப்பது நாலாவை ஒட்டி இறக்கிய கைப்பம்புத் தண்ணீரை. பிடித்து வைத்தால் மஞ்சளாகத் தெளியும், மேலே எண்ணெய் போல் மினுமினுக்கும். போன மழைக்காலத்தில் அங்கே வாந்திபேதி கண்டது. எங்கள் வரிசை வீடுகளில் வேலை செய்யும் முத்தம்மாவின் மகன் ஆஸ்பத்திரிக்குப் போனான், திரும்பி வரவில்லை. ஒரு பெண் குழந்தை மிச்சம். அடுத்த மழைக்கு முன் நல்ல தண்ணீர் வேண்டும் என்பதைத் தவிர முத்தம்மாவுக்கு இப்போது வேறு பேச்சு கிடையாது.

அந்த முத்தம்மாவிடம்தான் ஜோதிலிங்கம் ஓட்டுக் கேட்கிறார்.

இந்த 1983-லும் டெல்லிக்குச் சட்டசபை இல்லை. மெட்ரோபாலிடன் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது. அது சட்டம் செய்யாது. கூடும், பேசும், மேலே சிபாரிசு செய்யும், கலையும். இப்படி ஒரு சபையை ஜோதிலிங்கத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்திருக்க வேண்டும். அவர் ஓர் அமைச்சகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மகன் பெயரிலுள்ள குவார்ட்டர்ஸில் வாசம். பணிக்காலம் முழுதும் ஒரு கோப்பைக்கூடத் தானே முடித்துவைத்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். "நான் முடிவெடுத்தா நாளைக்கு என் தலையில்லா உருளும்? மேலே புட்-அப் பண்ணிருவேன்." கவுன்சிலரானாலும் அதையேதான் செய்யப் போகிறார். வித்தியாசம், இனி மாலை போடுவார்கள். "எம்.எல்.ஏ.வுக்குச் சமானம்லா" என்று பால் பூத்தில் க்யூவில் நிற்பவர்களிடம் விளக்குகிறார்.

கட்சி டிக்கெட் வாங்க அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து யார் பதவியோடு வந்தாலும் சாணக்யபுரியிலுள்ள தமிழ்நாட்டு விருந்தினர் மாளிகை வாசலில் சந்தன மாலையோடு நிற்பார். ஆளும் கட்சியா, எதிர்க்கட்சியா என்பது அவருக்கு முக்கியமில்லை. ஒருவருக்குப் போட வாங்கிய மாலையை, அவர் வராததால், அவருடைய ஜன்ம எதிரிக்குப் போட்டுப் படமும் எடுத்துக்கொண்டவர். அந்தப் படங்களெல்லாம் வரவேற்பறைச் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றில் ஒன்றில்கூட மாலை வாங்கியவர் இவரைப் பார்க்கவில்லை. கடைசியில் எந்தக் கட்சியும் பார்க்காததால் சுயேச்சையாக நிற்கிறார். சின்னம் குடை. மழையே இல்லாத பிப்ரவரியில் விரித்த குடையோடு தெருத்தெருவாகப் போகிறார்.

கொள்கை என்ன என்று ஒருநாள் கேட்டேன். "பஞ்சாபி நிக்கான், ராஜஸ்தான்காரன் நிக்கான். நம்மாள் ஒருத்தன் வேண்டாமாவே?" என்றார். நம்மாள்! மூன்று வருஷமாக 'ஏ, பானைக்காரி' என்று விரட்டிய வாய் இப்போது 'தாயீ' என்கிறது. பெயர் தெரியாமல் கூப்பிட்ட காலமும், பெயர் தெரியாமல் கும்பிடுகிற காலமும். இடையில் ஒரு வாக்காளர் பட்டியல், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஜுக்கிப் பக்கம் போனபோது நானும் பின்னால் போனேன். கரையில் ரேஷன் கார்டு விவகாரங்களைப் பார்க்கும் பச்சைமுத்து குடை பிடித்து வந்தார். தோளில் வேட்பாளரின் பிளாஸ்க். அந்தக் கரையில் ஜோதிலிங்கம் வாயில் எதுவும் வைப்பதில்லை. ஒரு தாம்பாளத்தில் கற்பூரம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "குடைக்கே போடறேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். நாலாக் காற்று கற்பூரத்தை ஊதி ஊதி அணைத்தது. பச்சைமுத்து குடையைச் சாய்த்துக் காற்றை மறைத்தார். சின்னத்துக்குக் கிடைத்த முதல் உபயோகம்.

கற்பூரம் எரிந்தால் சாம்பல் மிஞ்சாது. காற்றோடு போய்விடும் ஒரு ரசாயனம். அதற்கு ஓட்டும் தெரியாது, துரோகமும் தெரியாது. இது நமக்குத் தெரியும். ஜோதிலிங்கத்துக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் உள்ளங்கையில் சுடுகிறபோது அது வேறாகிவிடுகிறது, சொல் தவறினால் மிச்சப் பிள்ளைக்கும் ஆகாது என்கிற பயமாகிவிடுகிறது. அந்தப் பயத்தைத்தான் இவர் ஓட்டாக மாற்றப் பார்க்கிறார். லஞ்சம் கொடுக்கிறவனாவது கையிலிருந்து ஏதோ இழக்கிறான். இவருக்கு அதுவும் மிச்சம்.

முத்தம்மா வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "எம் பொண்ணு மேல சத்தியமா குடைக்குதான்" என்று அடித்தாள். உள்ளங்கையில் கரி. ஆனால் நகரவில்லை.

"நான் அடிச்சிட்டன். இப்ப நீங்க அடிங்க ஐயா."

"நான் எதுக்கு தாயீ? நான் நிக்கிறவன்லா. ஓட்டுப் போடுதவங்கதான் சத்தியம் பண்ணணும். அதான் முறை."

"குழாய் வரும்னு நீங்கதான சொன்னீங்க? அதுக்கு அடிங்க."

"ஜெயிச்ச உடனே மேலே சிபாரிசு பண்ணுதேன்."

"அது எப்ப வருமோ. பார்க்குல ஒரு குழாய் இருக்குதே, சாவி உங்க இடுப்புலதான தொங்குது? அதத் தொறந்து வுடுங்க. நாளைக்கே."

ஜோதிலிங்கத்தின் கை தானாக இடுப்பைத் தொட்டுப் பார்த்தது. "அது அசோசியேஷன் மேட்டர்மா. அதையும் இதையும் கலக்கப்படாது."

பின்னால் நின்ற ராஜாத்தி சும்மா இருக்கிற ஆளில்லை. "அக்கா, அவரு புல்லுக்குத்தான் தண்ணி காட்றாரு. புல்லே போயி க்யூவுல நின்னு ஓட்டுப் போடட்டும், வா."

சிரிப்பு கரை முழுதும் பரவியது. பச்சைமுத்து குனிந்து, "சாப், ஒரு தட்டு தட்டிடுங்க, ஜல்தி. இல்லன்னா எல்லாம் கலைஞ்சிடும்" என்று கிசுகிசுத்தார்.

காது சிவக்க, ஜோதிலிங்கம் புதிதாக ஒரு கட்டியை ஏற்றச் சொன்னார். "ஜெயிச்சா பூட்டைத் திறந்துவிடுதேன். போதுமா?" என்று உள்ளங்கையால் அடித்தார். சூடு பட்டுக் கையை உதறினார். புகை மூக்கில் ஏறி இருமல் வந்தது. விடவில்லை.

முத்தம்மா தன் ஜுக்கிக்குள் ஓடினாள். பம்புத் தண்ணீரை அவள் யாருக்கும் கொடுப்பதில்லை. வேலை செய்யும் வீட்டில், அந்த வீட்டம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பிடித்து, துணி சுற்றி மூடிவைத்த கேன் ஒன்று அவளிடம் உண்டு. மகளுக்கு மட்டும் கொடுக்கிற தண்ணீர். அதிலிருந்து ஒரு சொம்பு நிறைய எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடிங்க ஐயா" என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருமலில் திணறி நிற்கிற மனிதனிடம் சொம்பை நீட்டினால் எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பாள்.

ஜோதிலிங்கம் வாங்கினார். கரையோரம் திரும்பி நின்று, கரி படிந்த உள்ளங்கையில் ஊற்றினார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். மறுபடி ஊற்றினார். ரேகையின் இடுக்கிலும் கறுப்பு இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு, மப்ளர் நுனியில் துடைத்தார். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் கொண்டா தாயீ. பிசுக்குப் போகல."

தண்ணீர் மண்ணில் இறங்குவதை முத்தம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். முத்தம்மா சொம்பைச் சாய்த்து, மிச்சத்தைத் தன் உள்ளங்கையில் விட்டாள். அவர் தேய்த்த மாதிரியே கட்டைவிரலால் தேய்த்தாள். கரி போனது. கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"எனக்குப் போயிடுச்சி ஐயா."

ராஜாத்தி தன் கையை நீட்டினாள். சொம்பில் நாலு சொட்டு இருந்தது. அது போதுமாக இருந்தது. அடுத்த கை நீண்டது. அதற்குச் சேலைத் தலைப்பின் ஈரம் போதுமாக இருந்தது. வானம் இடியவில்லை. யார் கண்ணும் அவியவில்லை. பச்சைமுத்து குடையை மடக்கினார்.

மறுநாள் விடிகாலையில் வேட்பாளர் வழக்கம்போல் புல்லுக்குத் தண்ணீர் விட்டார். பூட்டினார். ஓர் இழு இழுத்துப் பார்த்தார்.

அவர் ஜெயிப்பதும் தோற்பதும் கரையிலுள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு அவர்கள் தயாராகிவிட்டார்கள். பூட்டு உங்கள் பாடு. அதைப் போட்டது அவர் கை, போட விட்டது கூட்டத்தில் மடியில் கிடந்த உங்கள் கை. நாளைக் காலை உங்கள் பூங்காவுக்குப் போய் அந்தப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று சாவியைக் கேளுங்கள். தர மறுத்தால் வீட்டிலிருந்து ஒரு சுத்தியல் எடுத்துக்கொண்டு போங்கள். மழைக்கு முன்பே போங்கள்.