முடிச்சுப் போடாத நூல்

தம்பானூரிலிருந்து நாகர்கோவிலுக்குத் தனி முதலாளிகள் பஸ் விட்டுக்கொண்டிருந்த காலம். அப்படியொரு பஸ்ஸில் ராஜையன் கண்டக்டர். நெய்யாற்றின்கரை வளைவில் வண்டி கவிழ்ந்து, இடது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். மனைவி ரத்னாபாய் அழ வேண்டியதையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே அழுது தீர்த்துவிட்டாள். வீடு வந்தபின் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சோறு வடித்தாள், புண்ணுக்குத் துணி மாற்றினாள், அவ்வளவுதான்.

முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை யூனிபாரம் போட்டுக்கொண்டு வரட்டும், டிக்கெட் ஜன்னலில் உட்கார வைக்க முடியுமா என்று பார்ப்போம் என்றாராம். அந்த மகாராசன் பார்ப்போம் என்றுதான் சொன்னார். ராஜையன் அதையே வேலை கிடைத்ததாக வைத்துக்கொண்டான்.

காக்கிக் கால்சட்டையின் இடது கால் சும்மா தொங்கியது. ரத்னாபாய் அதைப் பழவங்காடித் தையல்காரர் திரவியத்திடம் கொண்டுபோனாள்.

“முட்டுக்குக் கீழ வெட்டி மிஷின்ல ஓட்டித் தாறேன் தங்கச்சி. நாலணா.”

“வெட்டாம மடிச்சுத் தைக்க முடியாதா அண்ணே?”

“அம்புட்டுத் துணியையும் உள்ள திணிச்சா தலகாணி மாதிரி இருக்கும். வெட்டினாத்தான் லெச்சணம்.”

அவள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். ராஜையனுக்குக் கோபம் வந்தது.

“நாலணா மிச்சம் பிடிக்கியாக்கும்? வெட்டச் சொல்லியிருக்கலாமே. இந்த வேலைய விட்டு இனி நான் எங்க போகப் போறேன்?”

“நானே தைச்சுக்கிடுகேன்.”

வேலையை விட்டு நிற்கிறவன் யூனிபாரத்தை முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த முதலாளியின் சட்டம். அதைப்பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

நாகர்கோவில் மிஷனில் லேஸ் பின்னிப் பழகிய கை அவளுடையது. கால்சட்டைக் காலை மூன்று மடிப்பு மடித்து உள்ளே தள்ளி, வெளியே தையல் தெரியாதபடி ஒவ்வோர் இழையாக எடுத்துத் தைத்தாள். தலகாணி மாதிரியெல்லாம் இல்லை. நூலின் இரண்டு நுனிக்கும் முடிச்சுப் போடாமல் விட்டாள்.

திங்கட்கிழமை ராஜையன் வாடகை வண்டி பிடித்து, கட்டையை ஊன்றிக்கொண்டு போனான். ஜன்னலில் முதலாளியின் மச்சினன் மகன் உட்கார்ந்திருந்தான். முதலாளி வருத்தப்பட்டார், காப்பி வாங்கிக் கொடுத்தார், யூனிபாரத்தை நாளைக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தான். அவன் வேட்டிக்கு மாறியதும் ரத்னாபாய் கால்சட்டையை மடியில் போட்டு நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் முழுத் தையலும் வந்துவிட்டது.

ராஜையன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“முடிச்சே போடலியா நீ?”

“இல்ல.”

“அப்போ வேலை தரமாட்டாங்கன்னு ஒனக்கு முந்தியே தெரியும்.”

“தெரியும்.”

முதலாளி சொன்னதைவிட அவள் சொன்னதுதான் அவனை வெட்டியது. ஆஸ்பத்திரியில்கூட அழாதவன் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான். தனக்கும் அழுகை வருமென்று அவள் கொஞ்சநேரம் இருந்து பார்த்தாள். வரவில்லை. எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டாள். இடது காலில் மடிப்புத் தடம் மூன்று இருந்தது. அது போகிறவரை தேய்த்தாள்.