மார்ச்சில் வந்த நாற்பத்தொன்று முப்பது

1942 நவம்பர் 4 — 20.00
1942 டிசம்பர் 4 — 20.00
1943 ஜனவரி 5 — 20.00
1943 பிப்ரவரி 4 — 20.00
1943 மார்ச் 4 — 41.30
1943 ஏப்ரல் 5 — 24.50
1943 மே 5 — 24.50
1943 ஜூன் 4 — 14.00

போருக்குப் போன ஒரு கடைக்காரரின் சம்பளத்திலிருந்து பிடித்து, தபால் நிலையம் வழியாக அவர் மனைவிக்கு மாதாமாதம் கொடுத்த பணம் இது. அணாவெல்லாம் இன்றைய காசுக் கணக்கில். ஜூன் மாதத்தில் வந்த பதினான்கு மட்டும் சம்பளமல்ல, விதவைப் பணம். அதற்கு முந்தைய மாதம் பதினேழாம் தேதி, முகாம் மருத்துவமனையில் காய்ச்சலில் கடைக்காரர் இறந்துபோயிருந்தார்.

இந்தப் பணப் புத்தகம் கிடைத்தது கடைக்காரருடைய மகளின் பழைய கைப்பையில். எடுத்தவர் அந்த மகளின் மருமகன். குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். கூடத்து விளக்கு எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று கேட்டால், நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். மாமியார் அவருக்கு ‘ரசீது மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் சொல்கிற பழக்கமெல்லாம் அந்த அம்மாவுக்குக் கிடையாது. நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்.

மாமியாருக்கு வயது எழுபத்தைந்து. அவர் பிறந்தது 1942 நவம்பர் 9. அப்பா பட்டாளத்தில் சேர்ந்தது அதற்கு இரண்டு மாதம் முன்பு. அப்பாவிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் டிசம்பரில் வந்தது. அதில் குழந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறந்த செய்தி போய்ச் சேர்ந்திருக்க முடியாத நாளில் எழுதிய கடிதம். பிறகு ஒன்றுமே வரவில்லை. இருந்த நாலைந்து கடிதங்களும் ஒரு மழைக்காலத்தில் பரணில் ஊறிக் கூழாகிவிட்டன. பணப் புத்தகம் அம்மாவின் இடுப்புப் பையிலேயே இருந்ததால் தப்பியது.

மாமியாருக்குப் பத்து வயது இருக்கும்போது ஏதோ சண்டையில், கடைக்காரரின் அக்கா வாய்க்கு வந்ததைக் கொட்டினாள். “நீ ஒருத்தி பொறந்ததே உங்கப்பனுக்குத் தெரியாதுடி.” அழுதுகொண்டே போய் அம்மாவைக் கேட்டாள் சிறுமி. அம்மா கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், “எழுதச் சொல்லிப் போட்டோம். கெடச்சுதோ கெடைக்கலையோ, யாரு கண்டா” என்றாள். அவ்வளவுதான். அந்தக் கேள்வி அறுபத்தைந்து வருடமாக மாமியாருக்குள் கிடந்தது. மருமகன் பழைய காகிதங்களைத் தேடத் தொடங்கியபோது அவர் கேட்டுக்கொண்டதும் அது ஒன்றைத்தான்: “மத்ததெல்லாம் உங்க இஷ்டம் மாப்பிள்ளை. நான் பொறந்தது அவருக்குத் தெரியுமா, அது மட்டும் எனக்கு வேணும்.”

கடைக்காரரைப் பற்றி வீட்டில் ஓரளவு தெரிந்தே இருந்தது. பத்தடி அகலக் கடை. ஆணி, ஸ்க்ரூ, கீல், தாழ்ப்பாள், பூட்டு. சுவர் முழுக்க நாற்பத்தெட்டு இழுப்பறைகள். ஒன்றில்கூட எழுதி ஒட்டிய சீட்டு கிடையாது. உள்ளே என்ன இருக்கிறதோ அதில் ஒன்றை எடுத்து வெளியே கம்பியால் கட்டியிருப்பார். அவர் சாப்பிடப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்கிற மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதே காரணம். போர் வந்ததும் இரும்பெல்லாம் அரசாங்கத்துக்குப் போயிற்று. ஒவ்வொரு இழுப்பறையாகக் காலியாகி, கடைசியில் வெளியே கட்டிய மாதிரிகள்தான் மிச்சம். விற்கச் சரக்கில்லை, வீட்டில் பிரசவச் செலவு. பட்டாளத்தில் சேர்ந்தால் மாதம் இருபது வீட்டுக்கு வரும் என்றார்கள். கதவைப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். போருக்குப் பிறகு அதே சாவியால் கடையைத் திறந்து, அந்த அம்மாள் இருபத்திரண்டு வருடம் நடத்தினாள். இழுப்பறைகளைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பணப் புத்தகத்தைப் பார்த்ததும் மருமகன் ஒரு தவறு செய்தார். இருபது இருபத்துநாலரை ஆகியிருக்கிறது. எனவே பதவி உயர்வு. மார்ச்சில் வந்த பெரிய தொகை அதற்கான வெகுமதியாக இருக்கும். ஆசையாகப் போய் மாமியாரிடம் சொல்லிவிட்டார். மூன்றாவது வாரம், அவர் எழுதிக் கேட்டிருந்த ராணுவ ஆவண அலுவலகத்திலிருந்து கடைக்காரரின் பணிப்பதிவு இரண்டு பக்கச் சுருக்கமாக வந்தது. சேர்ந்தபோது கிடங்குச் சிப்பாய், இறந்தபோதும் கிடங்குச் சிப்பாய்.

“என்னங்க, எங்கம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டாங்களே” என்று மனைவி தலையில் கை வைத்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் மாமியாரின் அறைக்குப் போனார்.

“அத்தை, அந்தப் பதவி உயர்வு... அப்படி ஒண்ணு இல்ல.”

“இல்லன்னா?”

“கடைசி வரைக்கும் சாதாரணச் சிப்பாய்தான்.”

“அடப்பாவமே. நேத்துதான் மருந்துக்கடைக்காரர்கிட்ட ஆபீஸர்னு சொன்னேன்.”

“நான் ஆபீஸர்னு சொல்லவே இல்லையே.”

“நீங்க ஒரு படி ஏத்துனீங்க, நான் ஒம்பது படி ஏத்துனேன். எங்கப்பாதானே.”

சுருக்கத்தின் இரண்டாம் பக்கத்தில் ஓர் அதிகாரியின் குறிப்பு இருந்தது. அதை அவர் மாமியாருக்குப் படித்துக் காட்டினார். ‘இவர் கிடங்குப் பெட்டிகளின் மேல் உள்ளே இருக்கும் பொருளின் மாதிரியைக் கட்டி வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாத சுமைக்காரர்களும் கேட்காமல் எடுக்கிறார்கள். மற்றக் கிடங்குகளிலும் செய்யலாம்.’ மாமியார் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, “சரி, இதப் போய் மருந்துக்கடையில சொல்றேன்” என்றார்.

ஆனால் பதவி உயர்வு இல்லையென்றால் பணம் ஏன் ஏறியது? முப்பத்தாறு வருடத்தில் காரணம் தெரியாத ஓர் எண்ணை அவர் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோனதில்லை. ஒரு பிற்பகல் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பென்சிலோடு உட்கார்ந்தார். மாதத்துக்கு நாலரை கூடியிருக்கிறது. மார்ச் மாதத்துப் பங்கு இருபத்துநாலரை போனால், நாற்பத்தொன்று முப்பதில் மிச்சம் பதினாறு எண்பது. பழைய நிலுவையாகத்தான் இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதத்துக்குப் பதின்மூன்றரை. இன்னும் மூன்று முப்பது நிற்கிறது. மாதம் நாலரை என்றால் நாளுக்குப் பதினைந்து காசு. மூன்று முப்பதுக்கு இருபத்திரண்டு நாள். நவம்பர் முப்பதிலிருந்து விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினார். இருபத்திரண்டாவது நாள் ஒன்பதாம் தேதியில் வந்து நின்றது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். குழந்தைப்படி, குழந்தை பிறந்தால் சிப்பாய்க்குக் கூடுதலாகத் தரும் பணம். பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஆனால் ஒருமுறை பட்டவர். ராணுவத்துக்குக் குழந்தை பிறந்தது தெரியும், அது உறுதி. அப்பாவுக்குத் தெரியுமா? பிறப்புச் சான்றிதழோடு மனைவியே நேராக விண்ணப்பித்திருந்தால்? அன்றே ஆவண அலுவலகத்துக்கு ஒரே ஒரு கேள்வி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்: படி கேட்டு விண்ணப்பித்தது யார்? வீட்டில் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் காலை மாமியார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“மாப்பிள்ளை, ரெண்டு நாளா என் கண்ணப் பாத்துப் பேச மாட்டேங்கறீங்க. ஏதோ கண்டுபுடிச்சிருக்கீங்க.”

மருமகனுக்குப் பொய் சொல்ல வராது. கணக்கை முழுவதும் விளக்கினார். தன் சந்தேகத்தையும் மறைக்கவில்லை.

“எங்கம்மாவா விண்ணப்பிச்சிருப்பா?” மாமியார் சிரித்தார். “அந்த ஆபீஸ் எந்தத் திசையில இருக்குன்னே அவளுக்குத் தெரியாது. குடுத்தத வாங்கிட்டுக் கைநாட்டு வெப்பா.”

“இருக்கலாம் அத்தை. ஆனா வேற யாராவது எழுதிக் குடுத்திருக்கலாமில்ல. காகிதம் வரட்டும்.”

“வரட்டும். இத்தன வருஷம் போயிருச்சு, இனிமே என்ன அவசரம்.”

அப்படிச் சொன்னாரே தவிர, அன்றிலிருந்து தபால்காரர் வருகிற நேரத்தில் மாமியாரின் நாற்காலி ஜன்னலோரம் நகர்ந்தது. கண் டாக்டரைப் பார்க்கப் போகவேண்டிய நாளைக்கூடத் தபால் வராத ஞாயிறுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். “ஞாயித்துக்கிழமை டாக்டரும்தான் வரமாட்டாரும்மா” என்றாள் மகள். ஐந்து மாதம் போயிற்று. நடுவில் மருமகன் இரண்டு நினைவூட்டல் அனுப்பி, இரண்டு ரசீதையும் கோப்பில் குத்தினார்.

வந்த உறை தடிமனாக இல்லை. ஒரு கடிதம், ஒரு படிவத்தின் நகல். கடிதத்தில், போரின் அந்த மாதங்களில் அந்த முகாமிலிருந்து சிப்பாய்களின் சொந்தக் கடிதங்கள் பெரும்பாலும் போய்ச் சேரவில்லை, அலுவலகக் காகிதங்கள் மட்டும் தனிப் பையில் போயின என்று எழுதியிருந்தது. இதற்குமேல் இவரைப் பற்றிய காகிதம் எதுவும் தங்களிடம் இல்லை என்றும் இருந்தது.

படிவத்தை மருமகன் மாமியாரின் கையிலேயே கொடுத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுத்து பொடியாக இருந்தது. “நீங்களே படிங்க” என்று திருப்பிக் கொடுத்தார்.

“விண்ணப்பிப்பவர்: சிப்பாய். தேதி 1943 ஜனவரி 30. செய்தி எப்படிக் கிடைத்தது: மனைவி எழுதச் சொன்ன கடிதம். பிறந்த தேதி: 1942 நவம்பர் 9. குழந்தை: பெண்.” கொஞ்சம் நிறுத்தினார். “பெயர்ங்கிற எடத்துல, ‘வீட்டில் வைத்திருப்பார்கள், எனக்கு இன்னும் தெரியவில்லை, கேட்டு எழுதியிருக்கிறேன்’னு போட்டிருக்கார். கீழ கையெழுத்து.”

மாமியார் படிவத்தை வாங்கி, கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தார். மகள் வந்து தோளில் கை வைத்தாள்.

“பேரு தெரியாமத்தான் போயிருக்காரு” என்றார் மாமியார். “போகட்டும். என்னைய அவருக்குத் தெரியும்.”

நகலைத் தன் தலையணை உறைக்குள் வைத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னார். கோப்பில் இருக்க வேண்டிய காகிதம் அது. மருமகன் அதை அவரிடமே விட்டுவிட்டார். கடிதத்தை மட்டும் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தார். பிறகு நோட்டை எடுத்து, அன்றைக்கான வரியை எழுதினார்.

அத்தைக்கு அவர் அப்பாவின் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது: 2018 செப்டம்பர் 14.