சிவப்புப் பக்கம், பச்சைப் பக்கம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கோப்புகளைத் திறந்தால் திரை இரண்டாகப் பிரிந்து நிற்கும். இடது பாதி அரக்குச் சிவப்பு, அதில் கம்ப்யூட்டரில் உள்ள டிசைன்கள். வலது பாதி கிளிப்பச்சை, அதில் அவற்றை நகல் எடுத்து வைக்கும் ஹார்ட் டிஸ்க். நிறம் வைத்துக் கொடுத்தவள் என் நாத்தனார். நாத்தனார் என்றாலே முகம் சுளிக்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. அவர்களுக்கு என்னுடையவளைப் போல வாய்க்கவில்லை, பாவம்.

பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. தன் கல்யாணக் கூறைப் புடவைக்கு அவளே முந்தானை வரைந்தாள். கொடி முழுக்கக் கிளிகள், ஒன்று மட்டும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். மூன்று வாரம் வரைந்து முடித்து அம்மாவிடம் காட்டினாள். மறுநாள் அமாவாசை. ஊரில் தறி ஓடாது, அவளும் தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போய்விட்டாள். கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கிறது என்று நான் டிசைன்களைக் காப்பி எடுக்க உட்கார்ந்தேன். அப்போதெல்லாம் கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் திறக்கும். எது எங்கே இருக்கிறது என்று குழம்பி, டிஸ்க்கில் கிடந்த அந்த முந்தானையின் பழைய அரைகுறைக் கோப்பைப் புதியதன்மேல் போட்டுவிட்டேன். இரண்டுக்கும் ஒரே பெயர். மாற்றவா என்று கேட்டதற்கு ஆமாம் என்று அமுக்கியதும் நான்தான். பத்து நாளில் தறியில் ஏற வேண்டிய புடவை.

அவள் வந்து பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். மாமியார் என்ன என்று கேட்டதும், "நான்தாம்மா தெரியாம அழிச்சிட்டேன்" என்றாள். அதை அப்படியே இருக்க விட்டேன். கோழை நான். மாமியார் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, திரும்பப் போடு" என்று உள்ளே போய்விட்டார்.

ஒன்பது நாள் கண் எரிய மறுபடி வரைந்தாள். அதற்கு நடுவிலேயே இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிகிற மென்பொருளைத் தேடினாள். முதலாவதில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. இரண்டாவது கேட்காமலே மேலே எழுதிவிடுகிறது என்று தூக்கிப் போட்டாள். மூன்றாவது, பழையதன் தேதியையும் புதியதன் தேதியையும் காட்டிவிட்டுத்தான் கேட்டது. "இது போதும் அண்ணி. ரெண்டும் உங்க கண்ணு முன்னால இருக்குது பாருங்க. இனிமே பயந்துக்கினு உக்காராதீங்க" என்றாள். எனக்காகத்தான் தேடியிருக்கிறாள்.

இப்போது அவள் ஆரணியில், புகுந்த வீட்டில். போன அமாவாசையன்று நான் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தது அன்று தானாக வந்துவிட்டது.

"அத்தை, அந்தக் கிளி டிசைனை அழிச்சது நான்."

அவர் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்மா. அமாவாசையில அவ பென்சிலைக்கூடத் தொட மாட்டாளே. அவளே உன்ன விட்டுக்குடுக்கல, நான் விட்டுக்குடுப்பனா?"

திரை மாற்றவா என்று கேட்டபடி நின்றது. கண் கலங்கி எது சிவப்பு, எது பச்சை என்று தெரியவில்லை. எதையும் அமுக்காமல் கையை எடுத்துவிட்டேன்.