மார்கழி வீட்டார்

எங்கள் தேவாலயத்தில் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு குடும்பங்களை, சில வாரம் மூன்று குடும்பங்களை, பெயர் சொல்லி ஜெபத்தில் வைப்பார்கள். அன்றைக்கு அந்த வீட்டார் முன் வாங்கில், முதல் வரிசைப் பெஞ்சில், இருப்பார்கள். வெளியூரில் உள்ள பிள்ளைகள் வந்து சேர்வார்கள். ஆராதனை முடிய எல்லாருக்கும் தேத்தண்ணியும் கேக்கும் அவர்களுடைய பொறுப்பு. தையில் அ-வில் தொடங்கினால் மார்கழியில் கடைசி எழுத்தில் வந்து நிற்கும். யாருக்கு எந்த ஞாயிறு என்று எழுதி வைத்த கொப்பி பதினாறு வருசம் என்னிடம் இருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது என் வயதுப் பிள்ளைகள் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். என்னிலும் சின்னப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருக்க வெட்கமாக இருந்தது; தையல் பழகப் போய்விட்டேன். மாதர் சங்கம், வேத வகுப்பு, எங்கே போனாலும் படித்த ஆட்கள் முன்னுக்கு இருப்பார்கள், நான் கதவடியில் இருப்பேன். அந்தக் கொப்பி ஒன்றுக்குத்தான் என் எட்டாம் வகுப்பு போதுமாக இருந்தது.

எதற்கும் பயப்படுகிற ஆள் நான். கொப்பியை மூன்று தரம் பார்ப்பேன். வியாழக்கிழமை பின்னேரம் சைக்கிளில் போய் அந்த வார வீட்டாருக்கு நேரில் சொல்லிவிட்டு வருவேன். சொல்லிவிட்டு, தெரு திரும்புகிற ஒழுங்கை முடக்கு வரைக்கும் வந்த பிறகு, சரியான ஞாயிறைத்தான் சொன்னேனா என்று திரும்பிப் போய்க் கேட்ட நாட்களும் உண்டு. ஆட்கள் சிரிப்பார்கள். சிரித்தாலும் வியாழக்கிழமையில் என் வரவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கொப்பிக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. எங்கும் எழுதி வைத்ததில்லை. குடும்பத் தலைவர் பெயரில்தான் வரிசை. அவர் மோசம் போனால், சாவை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது, அடுத்த வருச ஞாயிறு ஒன்றுக்கு மட்டும் அந்த வீட்டை அவர் பெயரிலேயே விட்டு வைப்பேன். அந்த ஞாயிறுதான் அவருடைய பெயரை ஆலயத்தில் கடைசியாக வாசிப்பது. அதற்கும் அடுத்த வருசம் மனைவி தன் சொந்தப் பெயரின் எழுத்துக்குப் போய்விடுவார். இன்னொன்று, ஜ-வில் தொடங்கும் பெயர்கள் எங்கள் சபையில் நிறைய. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் தமிழ் எழுத்துகள் முடிந்த பிறகுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபடி அவர்களைக் கடைசியில் வைப்பேன். அதனால் அந்த ஏழெட்டு வீடும் நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, கிட்ட வரும். ‘மார்கழி வீட்டார்’ என்றே சபையில் அவர்களைச் சொல்வார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் வருகிற காலம் என்பதால் அவர்களுக்கும் அது நல்ல வசதி.

பிறகு என் மச்சாள் வந்தாள். என் தம்பியின் மனைவி. அச்சுவேலியில் பிறந்து, கம்பஸ் படித்து, கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தவள், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பனி சொன்னதும் மானிப்பாயில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வெளிச்சம் நல்லாய் விழுகிற முன் அறையைத் தம்பி அவளுடைய மேசைக்குக் கொடுத்தான். அங்கே இருந்த என் தையல் மெசின் விறாந்தைக்கு வந்தது. விறாந்தையில் காற்றுப் பிடிக்கும் என்று தம்பி சொன்னான். காற்றில் துணி பறக்கும் என்று நான் சொல்லவில்லை.

அவளுக்கு என்ன வேலை என்று தம்பியிடம் கேட்டேன். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறாள், இப்போது செய்வது பெயர்களை வரிசையாக அடுக்குகிற பகுதி என்றான். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அவளே விளக்கினாள். ஆங்கில ஏ எழுத்துக்கு மேலே இரண்டு புள்ளி வைத்தால் ஒரு புது எழுத்தாம். ஜேர்மன்காரருக்கு அது ஏ-யோடு சேர்ந்து முன்னுக்கு வருமாம். சுவீடன்காரருக்கு இசட்டுக்கும் பிறகு கடைசியில் வருமாம். ஒரே பட்டியலை ஆளைப் பார்த்து இரண்டு விதமாக அடுக்க வேணும்.

“வரிசை பிழைச்சால் ஆக்கள் தங்கடை பெயரைத் தேடிக் காணமாட்டினம், மச்சாள்” என்றாள்.

அதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு வருசமாக நான் பயந்து பயந்து பார்த்த விசயத்தைத்தான் அவளுக்குச் சம்பளம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அந்தக் கார்த்திகையில் போதகர் வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் என்னைத் தாண்டி முன் அறைக்குப் போனார். வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இனிப் பட்டியல் மச்சாளின் லப்டொப்பில். வியாழக்கிழமைகளில் அந்த வார வீட்டாருக்கு மெசேஜ் தானாகப் போகும். “தங்கச்சி, உமக்கும் வெயிலுக்கை ஓடுற கரைச்சல் இல்லை” என்று போதகர் எனக்குச் சொன்னார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அதுதான் கூடக் குத்தியது.

கொப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு மச்சாள் கேட்டாள்.

“இதிலை நான் கவனிக்க வேண்டியது ஏதும் இருக்கோ, மச்சாள்?”

“எல்லாம் எழுதிக் கிடக்கு. நீர் படிச்சனீர்தானே.”

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொன்னேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

தையில் புதுப் பட்டியலை அச்சடித்து அறிவித்தல் பலகையில் ஒட்டினாள். எழுத்தெல்லாம் வடிவாக, கோடெல்லாம் நேராக இருந்தது. ஆட்கள் நின்று பார்த்துப் புகழ்ந்தார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு நான் மேலிருந்து கீழே விரலை வைத்து வாசித்தேன். ச முடிந்தது. அதற்குக் கீழே ஞ-வோ த-வோ வர வேண்டிய இடத்தில் ஜ வந்து நின்றது. மார்கழி வீட்டார் எல்லாரும் ஆனி மாதத்தில் இருந்தார்கள்.

எனக்கு வந்தது சந்தோசம். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சந்தோசம்தான். சுவீடன்காரருக்குப் பார்த்துப் பார்த்து அடுக்குகிறவள் சொந்தப் பாஷையைப் பார்க்கவில்லை. யாராவது கண்டுபிடிப்பார்கள், போதகர் விறாந்தைக்கு வந்து பழையபடி கொப்பியை எழுதச் சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. மெசேஜ் தவறாமல் போனது, ஆட்கள் தவறாமல் முன் வாங்குக்கு வந்தார்கள்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த வாரம் இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற அன்ரி வந்தார். மார்கழி வீட்டாரில் முதல் வீடு அவருடையது. அன்ரியின் கணவர் முந்தின வருசம் ஆவணியில் மோசம் போயிருந்தார். என் ஒழுங்குப்படி இந்த வருசம் அவர் பெயர் கடைசியாக வாசிக்கப்பட வேண்டும். கொப்பியில் அப்படித்தான் விட்டு வைத்திருந்தேன், மச்சாளும் அப்படியே பார்த்து எழுதியிருந்தாள். அன்ரி வெள்ளைத் துணி ஒன்று கொண்டுவந்தார், சட்டைக்கு. கனடாவிலிருந்து மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ரிக்கெற் போட்டாயிற்று என்றார்.

“அவரின்ரை பேர் வாசிக்கேக்கை முன் வாங்கு நிறைஞ்சிருக்க வேணும், பிள்ளை. மார்கழிக்குத்தானே, நீர் ஆறுதலாய்த் தையும்.”

துணியை வாங்கி அலுமாரிக்குள் வைத்தேன். உங்கள் ஞாயிறு ஆனியில் விழுந்திருக்கிறது, அன்ரி, என்று சொல்ல ஒரு மூச்சுத்தான் தேவை. சொன்னால் அன்ரி மச்சாளிடம் போவார், அவள் இரண்டு தட்டுத் தட்டித் திருத்திவிடுவாள், பிழை நடந்ததே ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். அந்தக் கணக்கில் வாயை மூடினேன். அதற்குப் பிறகு நித்திரை ஒழுங்காக இல்லை. அலுமாரியைத் திறக்கிறபோதெல்லாம் அந்த வெள்ளைத் துணி முகத்துக்கு நேரே இருந்தது.

ஆனியில் அந்த வியாழன் வந்தது. மெசேஜ் போகிற இலக்கம் அன்ரியின் கணவருடைய போன் என்பது எனக்குத் தெரியும், கொப்பியில் எழுதினது நான். அவர் போன பிறகு அந்தப் போன் நிற்பாட்டிக் கிடந்தது. பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முடக்கு வரைக்கும் போனேன். அங்கே காலை ஊன்றி நின்றேன். இது இப்போது என் வேலை இல்லைத்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஞாயிறு முன் வாங்கில் ச வீட்டார் மட்டும், ஒரு கரையில் நெருங்கி இருந்தார்கள். மற்றப் பாதி வெறுமையாகக் கிடந்தது. அன்ரி வழக்கம்போல் பின்னால், தூணோரம், தனியே இருந்தார். போதகர் ச வீட்டாரை வாசித்தார். பிறகு அன்ரியின் கணவருடைய பெயரை வாசித்தார்.

அன்ரி எழும்பினார். முன்னுக்குப் போக ஒரு அடி வைத்து, அங்கே ஒருவரும் இல்லாததைப் பார்த்து, வைத்த இடத்திலேயே நின்றுவிட்டார். நாங்கள் எல்லோரும் தலை குனிந்து இருக்க, ஜெபம் முடியும் வரைக்கும் அந்த மனிசி தனியாக நின்றுகொண்டிருந்தார். வீட்டுச் சேலைதான் உடுத்திருந்தார். நான் கண்ணை மூடவில்லை. மச்சாளைப் பார்த்தேன். அவளும் கண்ணை மூடாமல் அன்ரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருசத்தில் என் கொப்பி இப்படி ஒருவரை நிற்க வைத்ததில்லை என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது எனக்கு.

வீட்டுக்கு வந்து மச்சாள் என் பழைய கொப்பியையும் தன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கனநேரம் எடுக்கவில்லை. விறாந்தைக்கு வந்தாள்.

“ஜ கடைசியிலை வரவேணும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“ஓம்.”

“பட்டியல் ஒட்டின அண்டைக்கே கண்டனீங்களோ?”

மெசினில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நூல் போகவில்லை.

“ஓம்” என்றேன்.

ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கும் திருப்பிச் சொல்லச் சிலது இருந்தது, முன் அறை, வெளிச்சம், எல்லாம். அவள் செருப்பைப் போட்டாள். “வாங்கோ, அன்ரி வீட்டை போவம்” என்றாள்.

அன்ரி கதிரையில் இருந்தார். நான் வாயைத் திறக்க முதல் மச்சாள் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, கையைப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னாள். கொம்பியூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம் இருக்கிறது, ச-வுக்குக் கிட்ட ஜ-வின் இலக்கம், தான் அந்த இலக்கப்படியே அடுக்க விட்டுவிட்டேன், தமிழுக்குரிய வரிசையைப் பார்க்கவில்லை என்றாள். “பிழை என்ரை, அன்ரி. வேறை ஒருத்தற்றையும் இல்லை.” அன்ரி அவளுடைய தலையைத் தடவினார். நான் கதவடியில் நின்றேன். மன்னிப்புக் கேட்பதிலும் அவள்தான் முன் வாங்கில்.

போதகரிடமும் அவளே போனாள். மார்கழியில் அன்ரியின் கணவருடைய பெயரை இன்னொருமுறை வாசிப்பதென்று முடிவாயிற்று. மற்ற ஜ வீட்டாரும் தங்கள் பழைய இடத்துக்குப் போனார்கள். அடுத்த நாள் அவள் என்னை முன் அறைக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் கதிரை போட்டாள். வரிசையைச் சொல்லச் சொன்னாள். க, ங, ச, ஞ என்று தொடங்கி, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடித்து, பிறகு ஜ, ஷ, ஸ, ஹ என்றேன். மோசம் போனவரை ஒரு வருசம் விட்டு வைக்கிற ஒழுங்கையும், அன்ரியின் சொந்தப் போன் இலக்கத்தையும் சொன்னேன். அவள் தட்டிக்கொண்டே வந்தாள். தேத்தண்ணி ஆறவில்லை, என் பதினாறு வருசம் முழுதும் உள்ளே போய்விட்டது. இனி அது பிழை விடாது, என்னைக் கேட்கவும் தேவையில்லை.

மார்கழியில் முன் வாங்கு நிறைந்தது. மகன், மருமகள், குளிர்ச்சட்டையோடு பழகி வேர்த்துக் கொட்டுகிற பேரப்பிள்ளைகள். அன்ரி நான் தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், அந்த வீட்டாருக்கு நடுவில், மச்சாள். அன்ரிதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். சட்டை தோளில் நல்லாய் இருந்தது, கழுத்திலும் ஒரு சுருக்கம் இல்லை. அதை ஒருவரும் சொல்லவில்லை.

நான் ஆறு மாதம் பிழையை மறைத்தேன் என்பதை மச்சாள் தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அவளோடு கோபித்துக்கொள்ள ஒரு வழி கிடைத்திருக்கும்.

அடுத்த வருசம் அன்ரி தன் சொந்தப் பெயருக்கு மாறினார். அது இ-வில் தொடங்கும். மாசியில் அவருடைய ஞாயிறு. அந்த வியாழன் ஒருவரும் கேளாமலே சைக்கிளை எடுத்தேன். இந்த முறை முடக்கில் நிற்கவில்லை. ஞாயிறைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன்.

“அன்ரி, போன வருசம் பட்டியல் பிழை எண்டு எனக்குத் தையிலேயே தெரியும். நீங்கள் துணி கொண்டு வரேக்கையும் தெரியும்.”

அன்ரி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்தப் பிள்ளை ஏன் தன்ரை பிழை எண்டு சொன்னது?”

“என்னைக் காட்டிக் குடுக்கேல்லை.”

“அவவுக்கு நீர் மறைச்சது தெரியுமோ?”

“ஓம், தெரியும்.”

அன்ரி முற்றத்துப் பக்கம் பார்த்தார். ஏசுவார், அழுவார், எழும்பிப் போகச் சொல்லுவார் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக வந்திருந்தேன்.

“தங்கமான பிள்ளை” என்றார், மச்சாளை. பிறகு, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்” என்றார்.

குடித்தேன். ஒழுங்கை முடக்கில் வந்தபோது, சரியான ஞாயிறைத்தான் சொன்னேனா என்று சந்தேகம் வந்தது. சைக்கிளைத் திருப்பப் பார்த்தேன். திருப்பவில்லை. மச்சாளின் மெசேஜ் போயிருக்கும்.